வெள்ளத்திற்கு மறுநாள்

வீட்டுக் காப்பீடு என்பது இலக்கிய வாசகர்களிடம் பேசத்தக்க விஷயம்தானா என்ற தயக்கம் இதை எழுதத் தொடங்கும்போது எங்களுக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் ஒரு பாலிசிப் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, அடிக்கோடிட்டு, ஓரத்தில் குறிப்பெழுதி, கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து வாசித்த அனுபவம் லேசில் மறக்கக்கூடியதாக இல்லை. சொற்களை அளந்து வைத்த உரைநடை அது. எதை ஏற்கிறது என்பதைக் காட்டிலும் எதை விலக்குகிறது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. விலக்கப்பட்டவற்றுள் ஒன்று எங்கள் வீட்டைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. அதற்குப் பிறகு வருகிறோம்.

தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் எங்கள் வீடு. அடையாறு ஊரை ஒட்டித்தான் போகிறது. 2015 டிசம்பர் 1 தொடங்கி மறுநாள் காலைவரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். ‘எழுத்து’ இதழ்களின் கட்டு செய்த தொகுதிகள் உட்பட, கீழடுக்குகளில் இருந்த அவ்வளவும் கூழாகிப் போயிற்று. எங்கள் தெருவில் காப்பீடு வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். வீட்டுக் கடன் கொடுத்த வங்கி அவர் தலையில் கட்டிவிட்ட பாலிசி அது. அவருக்கு என்ன நடக்கிறது என்பதைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

பல நாட்கள் கழித்து ஒரு சர்வேயர் வந்தார். நிலம் அளக்கும் சர்வேயர் அல்லர், நஷ்டம் அளக்கிறவர். கையில் டேப்பும் கேமராவும். “பில் இருக்கா சார்?” என்றார். “பில் பீரோவில இருந்தது. பீரோ தண்ணியில இருந்தது,” என்றார் அண்டை வீட்டுக்காரர். சர்வேயர் அதையும் குறித்துக்கொண்டார். வங்கி எடுத்துக் கொடுத்த பாலிசி கட்டிடத்துக்கு மட்டுமானது என்பதும், உள்ளே இருந்த பொருள்கள் எவையும் அதில் சேரா என்பதும் அப்போதுதான் அவருக்கே தெரிய வந்தது. சுவருக்கும் வயரிங்குக்குமாக ஏதோ ஒரு தொகை எட்டு மாதம் கழித்து வந்தது. அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் வாசற்படிவரை வந்து, யோசித்து, திரும்பிப் போயிற்று. அதன் பிறகுதான் நாங்களும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தைத் தேடத் தொடங்கினோம். எங்களோடு இருக்கும் பெரியவர், எண்பத்தொரு வயதுக்காரர், தேடலுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தார்: “ஏம்மா, வெள்ளம் வடிஞ்ச மறுநாள் அவன் போனை எடுப்பானா? அதை மட்டும் கேட்டுச் சொல்லு.”

நாங்கள் விசாரித்த நபர்களும் பார்த்த இணையதளங்களும் இந்தக் கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார்கள்.

இந்தத் தேர்வு என்பதே நம் நாட்டில் ஓரளவு புதிய சங்கதி. 1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீடு முழுக்க அரசுடைமை. நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் நான்காக ஒடுக்கப்பட்டன. அந்த நான்கில் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. 2000க்குப் பிறகு தனியார் வந்தபோதும் தீக் காப்பீட்டின் கட்டணத்தை ஒரு குழுவே நிர்ணயித்து வந்தது. 2006 முடியும்வரை யாரிடம் போனாலும் ஒரே விலைதான். 2007 ஜனவரியில் விலை அவிழ்த்துவிடப்பட்டது. பிறகு 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைத் தீக் காப்பீடு செய்யும் நிறுவனங்கள் யாவும் விற்றாக வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. ஆக இன்று சொற்கள் ஒன்று, விலைகள் பல. திருட்டு முதலானவற்றைச் சேர்த்துத் தனியாக விற்கும் பாலிசிகளும் உண்டு. அவற்றை நாங்கள் சீக்கிரமே ஒதுக்கிவிட்டோம். முடிச்சூரில் எங்கள் எதிரி திருடன் அல்லன்.

அந்தப் பொதுப் பாலிசியில் வெள்ளம், புயல், நிலநடுக்கம், தீ, மின்னல், நிலச்சரிவு, கலவரம் எல்லாம் அடங்கும். தனித் திருட்டு அடங்காது. ஆனால் வெள்ளமோ தீயோ நேர்ந்து ஏழு நாட்களுக்குள் அதைச் சாக்காக வைத்து எவனாவது பொருளைத் தூக்கிப் போனால் அது அடங்கும். வெள்ளத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு உறவினர் வீட்டில் ஒண்டியிருந்த யாரோ ஒருவரை நினைத்துக்கொண்டு எழுதிய ஷரத்து போலிருந்தது அது.

பழைய தீப் பாலிசிகளில் ஒரு விபரீதம் உண்டு. 40 லட்சம் பெறும் கட்டிடத்தை 20 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், 4 லட்சம் நஷ்டத்துக்கு 2 லட்சம்தான் கிடைக்கும். பாதிக்குத்தானே காப்பீடு செய்தாய், பாதியை நீயே தாங்கு என்கிற கணக்கு. சிறிய நஷ்டத்துக்கும் இந்தக் கத்தரி பாயும் என்பது பெரும்பாலோருக்கு நஷ்டம் வந்த பிறகே தெரியும். புதிய பாலிசி இதைக் கைவிட்டுவிட்டது. வீட்டின் பரப்பளவை உண்மையாகச் சொல்லி, சதுர அடிக்கு இன்று கட்ட ஆகும் செலவால் பெருக்கினால் போதும். எங்கள் வீடு 1,100 சதுர அடி. சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று உள்ளூர் மேஸ்திரி சொன்னார், 27.5 லட்சம். அதில் 20 சதவீதம், அதாவது 5.5 லட்சம், வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே சேர்ந்துவிடும். இதற்கு உச்சவரம்பு 10 லட்சம். மனை விலையைச் சேர்த்து ஒரு கோடிக்கு எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒரு முகவர் ஆலோசனை சொன்னார். மண் எரியாது, வெள்ளத்தில் வீட்டோடு கரைந்தும் போய்விடாது. அதற்கு எதற்குப் பிரீமியம் என்று கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார்.

இந்தத் தொகைக்கு எங்களுக்குக் கிடைத்த விலைகள் ஆண்டுக்கு 1,100 ரூபாயிலிருந்து 2,400 ரூபாய்வரை இருந்தன. இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். மாதக் கணக்கில் பார்த்தால் இரண்டு பேர் ஓட்டலில் காபி குடிக்கும் செலவு. எனவே விலையை நாங்கள் ஓரமாக வைத்தோம். ஒரே பத்திரத்தைப் பல நிறுவனங்கள் விற்கின்றன என்றால், தேர்ந்தெடுக்க மிஞ்சியிருப்பது அந்தப் பத்திரத்தை வாசிக்கும் முறை மட்டுமே. இழப்பு நேர்ந்த மறுநாள் வந்து நிற்கிறவர் அந்த வாக்கியங்களை உங்களுக்காக வாசிப்பாரா, உங்களுக்கு எதிராக வாசிப்பாரா என்பதே கேள்வி.

இதற்கு விடையாகப் புள்ளிவிவரத்தைக் காட்டுவார்கள். வசூலித்த பிரீமியத்தில் எத்தனை சதவீதம் இழப்பீடாகப் போயிற்று என்ற விகிதம் ஆணையத்தின் ஆண்டறிக்கைகளில் உண்டு. ஆனால் தீக் காப்பீடு என்ற அந்த ஒற்றைத் தலைப்பின் கீழ் சுத்திகரிப்பு ஆலையும், பருத்திக் கிடங்கும், எங்கள் 1,100 சதுர அடியும் சேர்ந்தே படுத்திருக்கின்றன. ஒரு பெரிய கிடங்கு எரிந்த ஆண்டில் அந்த நிறுவனம் தாராளமானது போலத் தோன்றும். வீட்டுக்காரனுக்கு அந்த எண்ணால் பெரிதாகப் பயனில்லை என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஆகவே கேள்விகளோடு நேரில் போனோம். மூன்று நிறுவனங்கள், மூன்று அலுவலகங்கள். 2024 ஜூனில் ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். 15 நாட்களில் அவர் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 7 நாட்களில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். நகரம் முழுக்க மூழ்கிய வாரத்தில் இதை எப்படிச் செய்வீர்கள், சர்வேயர்களை எங்கிருந்து அழைத்து வருவீர்கள் என்று கேட்டோம். முதல் அலுவலகத்தில் இலவச அழைப்பு எண் அச்சிட்ட அட்டையைக் கொடுத்தார்கள். இரண்டாவதில் இருந்த இளைஞர் மிகவும் மரியாதையாக, விற்பனைப் பிரிவில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்றார். குறைந்தபட்சம் அது உண்மை.

மூன்றாவது இடத்தில் ஓய்வு பெறும் வயதை எட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மையார். 2015இல் வேறொரு கிளையில் இருந்தாராம். வெளி மாநிலங்களிலிருந்து சர்வேயர்கள் வந்ததையும், அவர்களுக்குத் தெருப்பெயர் புரியாமல் அலுவலக ஊழியர்கள் கூடவே நடந்ததையும் சொன்னார். பிறகு அவராகவே, “வீட்ல இருக்கிறதையெல்லாம் இன்னைக்கே போட்டோ எடுத்து, பில்லோட உங்க மெயிலுக்கே அனுப்பிக்குங்க. அன்னைக்குத் தேட முடியாது,” என்றார். பழைய தீப் பாலிசியில் வீடு 30 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால் முன்கூட்டியே நிறுவனத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும் என்றொரு நிபந்தனை இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் ஆறு மாதம் போய்த் தங்கும் பெற்றோர்கள் பெருகிவிட்ட காலத்தில் இது சிறிய விஷயமல்ல. உங்கள் நிலை என்ன என்று மூவரிடமும் எழுத்தில் கேட்டோம். எழுத்தில் பதில் தந்தவர் அந்த அம்மையார் மட்டுமே. முரண்பாடு வந்தால் ஆம்புட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, 50 லட்சம்வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு என்பதையும் நாங்கள் கேட்காமலே சொன்னார். தன்மேல் எப்படிப் புகார் கொடுப்பது என்று கற்றுத்தரும் விற்பனையாளரை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

இனி, விலக்கப்பட்டவை. பட்டியலில் தங்கக் கட்டி, பதிக்காத ரத்தினக்கல், ரொக்கம், காசோலை, வாகனம், வெடிமருந்து ஆகியவற்றோடு கையெழுத்துப் பிரதிகளும் ஆவணங்களும் இருந்தன. பாலிசியில் வெளிப்படையாகச் சேர்த்து எழுதினாலொழிய அவற்றுக்குக் காப்பு இல்லை. பெரியவரிடம் பதினான்கு நோட்டுகள் இருக்கின்றன. நாற்பது ஆண்டுகளாக எழுதிய ஒரு நாவலும், அதன் திருத்தங்களும், திருத்தங்களின் திருத்தங்களும். 2015இல் அவை மாடி அறையில் இருந்ததால் தப்பின.

சேர்த்து எழுத முடியுமா என்று அம்மையாரிடம் கேட்டோம். “மதிப்பு எவ்வளவுன்னு போடறது?” என்று அவர் திருப்பிக் கேட்டதில் கேலி இல்லை. தொழிற்சாலைகளின் தீப் பாலிசியில் ஆவணங்களைச் சேர்க்கும் வழக்கம் உண்டு என்றும், அங்கே கணக்கு காகிதத்தின் விலையும் அதைத் திரும்ப எழுதும் எழுத்தரின் கூலியும்தான் என்றும் விளக்கினார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு விலை கிடையாது.

வீட்டுக்கு வந்து பெரியவரிடம் சொன்னோம். வெகுநேரம் சிரித்தார். “திரும்ப எழுதற கூலியா! எனக்கு எண்பத்தொண்ணு ஆச்சு, எந்த ரேட்ல குடுப்பான்?” பிறகு, “நியாயமாத்தான் எழுதியிருக்கான். படிக்காம எப்படி விலை போடுவான்?” என்றார்.

பாலிசியை அந்த மூன்றாவது நிறுவனத்திடமே எடுத்தோம். பத்தாண்டுவரை எடுக்கலாம் என்றாலும் மூன்றாண்டுக்குத்தான் எடுத்திருக்கிறோம். அம்மையார் ஓய்வு பெற்ற பின் அந்த அலுவலகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் இது விளம்பரமாகிவிடும். தவிர, இன்னொரு ஊரில் அதே நிறுவனத்தின் மேசைக்குப் பின்னால் இருப்பவர் வேறொருவர்.

அறை அறையாகப் போட்டோ எடுத்து அனுப்பி வைத்தாயிற்று. நோட்டுகளை ஒவ்வொரு பக்கமாகக் கைபேசியில் பிடித்துச் சேமித்து வருகிறோம். பதினான்கில் ஐந்து முடிந்திருக்கிறது. வேலை வேகமாக நடக்கவில்லை. படம் எடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று பெரியவர் நோட்டை வாங்கிக்கொள்கிறார். திரும்பி வரும்போது அதில் புதிதாக நாலைந்து அடித்தல்கள் இருக்கின்றன.