துடுப்புப் போட்ட இருவருக்கு

பெரியவர்கள் பியூக்கு காசா, எரோனி குமானா இருவருக்கும்,

காசா ஐயா 2005இலும் குமானா ஐயா 2014இலும் காலமாகிவிட்டீர்கள். ஆனாலும் இந்த மடலை உங்கள் பெயருக்குத்தான் எழுதுகிறேன். சாலமன் தீவுகளில் யாராவது ஒரு பேரப்பிள்ளைக்கு இது எட்டினால் போதும்.

1942 மே மாதம் ஜப்பானியர் உங்கள் தீவுகளில் ஒன்றான டுலாகியில் இறங்கினார்கள். அதற்குள் உங்களை ஆண்டுகொண்டிருந்த பிரிட்டிஷ்காரர்களில் பெரும்பாலோர் மூட்டை கட்டியிருந்தார்கள். ஆகஸ்ட் 7ஆம் தேதி அமெரிக்கர் குவாடல்கனல் தீவுக்கு வந்தார்கள். ஆறு மாதம் அங்கே சண்டை. இதில் எதற்கும் உங்கள் சம்மதத்தை ஒருவரும் கேட்கவில்லை. 1939இல் இந்தியாவையும் கேட்காமலேதான் போரில் இழுத்துவிட்டார்கள் என்பதால், இது எங்களுக்கும் பழக்கமான கதைதான்.

1943 ஆகஸ்ட் 2ஆம் தேதி இருட்டில், அமாகிரி என்ற ஜப்பானியப் போர்க்கப்பல் மோதி ஓர் அமெரிக்க டார்பிடோ படகு இரண்டாகப் பிளந்தது. அதிலிருந்த 13 பேரில் இருவர் மாண்டார்கள். மிச்சம் 11 பேர் ஆளில்லாத் தீவுகளில் ஒதுங்கிக் கிடந்தார்கள். நீங்கள் நேச நாடுகளின் கண்காணிப்பு நிலையத்துக்காக மரத்தோணியில் சுற்றி வேவு பார்க்கும் இளைஞர்கள். தூரத்தில் ஆளைப் பார்த்ததும் ஜப்பானியர் என்று நினைத்து முதலில் தோணியைத் திருப்பிவிட்டீர்களாம். (நியாயம்தானே? வேறென்ன செய்வது!) பிறகு, தாகத்துக்கு இளநீர் குடிக்கலாம் என்று ஒலசானா தீவில் ஒதுங்கிய இடத்தில்தான் அவர்களைக் கண்டீர்கள்.

சேதி அனுப்ப அந்தப் படகின் தலைவரிடம் காகிதம் இல்லை. தேங்காயில் எழுதலாமே என்ற யோசனை காசா ஐயா, உங்களுடையது. மரமேறியவர் குமானா ஐயா. 11 பேர் உயிரோடு இருக்கிறோம், சின்னப் படகு வேண்டும் என்று அந்தத் தலைவர் கத்தியால் கீறிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு அமெரிக்கத் தளம் இருந்த ரெண்டோவாவுக்குத் துடுப்புப் போட்டீர்கள். சுமார் 60 கிலோமீட்டர், அதுவும் ஜப்பானியர் நடமாடும் கடல். வழியிலேயே சக வேவுக்காரர்களிடமும் சேதியைச் சேர்த்தீர்கள். ஆகஸ்ட் 8ஆம் தேதி 11 பேரும் மீட்கப்பட்டார்கள்.

அந்தத் தேங்காயோடு பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்குக் குவாடல்கனலின் ஜேக்கப் வூசா சாட்சி. முந்தைய ஆண்டு அவரிடம் ஒரு சின்ன அமெரிக்கக் கொடி இருந்ததைக் கண்டுபிடித்து, ஜப்பானியர் மரத்தில் கட்டிவைத்துத் துப்பாக்கிக் கத்தியால் குத்தினார்கள். அவர் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து, தவழ்ந்தே போய், தாக்குதல் வரப்போகிறது என்று அமெரிக்கரை எச்சரித்தார்.

படகின் தலைவர் பெயர் ஜான் கென்னடி. பின்னாளில் ஜனாதிபதியானதும் அந்தத் தேங்காயை வெள்ளை மாளிகை மேஜையில் வைத்துக்கொண்டார். அதனால் உலகம் இதை அவருடைய கதையாகவே சொல்லிவருகிறது. நீங்கள் பார்த்தபோது அவர் 26 வயது லெப்டினன்ட், அவ்வளவுதான். யாரென்றே தெரியாத 11 பேருக்காக உயிரைப் பணயம் வைத்தீர்கள். என் நன்றி அதற்கு.

1961இல் கென்னடியின் பதவியேற்புக்கு அழைப்பு வந்தும், காலனி அதிகாரிகளைத் தாண்டி உங்களால் போக முடியவில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். குமானா ஐயா, நீங்களோ மகனுக்கு ஜான் எஃப். கென்னடி என்று பெயர் வைத்தீர்கள். 2008இல், குடும்பத்தில் வழிவழியாக வந்த சிப்பிப் பணத்தை அந்த ஜனாதிபதியின் கல்லறையில் வைக்கச் சொல்லி அனுப்பினீர்கள். கடன்பட்டவர் அவர், காணிக்கை கொடுத்தவர் நீங்கள்!

இதே மடலில் இன்னொரு கூட்டத்துக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுக்காரர்கள் தொழிலாளர் படையில் சேர்ந்து கப்பல் சரக்கை இறக்கினார்கள், சுமந்தார்கள். மலைட்டா தீவுக்காரர்கள் அதில் ஏராளம். மாதக் கூலி ஒரு பவுண்டு. அமெரிக்கர் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தும் பிரிட்டிஷ்காரர்கள் விடவில்லை. போர் முடிந்த பிறகு ஆட்கள் பழைய கூலிக்கு வரமாட்டார்கள் என்ற பயம். அமெரிக்க முகாமிலோ கறுப்புச் சிப்பாயும் வெள்ளைச் சிப்பாயும் ஒரே மாதிரி உடுப்புப் போட்டிருந்ததைத் தீவுக்காரர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். அதன் பிறகு பழைய கும்பிடு எப்படி வரும்?

மலைட்டாவில் மாசினா ரூரு இயக்கம் கிளம்பியது. நல்ல கூலி வேண்டும், எங்கள் காரியத்தை நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். 1947இல் தலைவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டது அரசு. அப்படியும் அவர்கள் மசியவில்லை. 1953இல் மலைட்டாவுக்கென்று ஒரு மன்றம் அமைந்தது. 1978 ஜூலை 7இல் நாட்டுக்கே விடுதலை. அந்தச் சுமைகாரர்களில் பலருடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆகவே அவர்களுக்கான நன்றியையும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாசகர்