சரிவில் நிற்கும் டிராக்டர்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே போனால், சில வீடுகளில் டிராக்டர் வாசலில் நிற்காது. சரிவான மேட்டில், சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். அந்த வண்டிக்கு செல்ஃப் எடுக்கவில்லை என்று அர்த்தம்.

அப்படி ஒரு வீடு. மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். ஆடி மழை பெய்த மறுநாள், ஈரம் காய்வதற்குள் உழுது சாமை விதைக்க வேண்டும். பெரியவர் குனிந்து கல்லை எடுத்தார். வண்டி உடனே நகர்ந்துவிட்டது. மகன் தாவி ஏறி பிரேக்கை மிதித்ததால் பெரியவரின் கால் தப்பியது.

"வெத நாளைக்குப் போட்டுக்கலாம். காலு போனா யாரு குடுப்பாங்க? மொதல்ல வண்டியப் பாருங்க" என்றார் வீட்டம்மா.

மெக்கானிக் வர மலையிறங்கிப் போளூருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அதற்குள் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை உண்டு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டுக்கொண்டார்கள். ஹெட்லைட்டைப் போட்டு மகன் சாவியைத் திருப்ப, பெரியவர் பக்கவாட்டில் நின்று விளக்கைக் கவனித்தார்.

விளக்கு மங்கி 'டக் டக்' என்று சத்தம் வந்தால், பேட்டரி இறங்கியிருக்கும் அல்லது வயர் இணைப்பு பிடித்திருக்காது. விளக்கு மங்காமல், சத்தமும் வராவிட்டால் செல்ஃபுக்கு கரண்ட் போகவில்லை. நியூட்ரல், பி.டி.ஓ. லீவர், கிளட்ச் மிதி சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கலாம். அடுத்து ஃபியூஸ், சேஃப்டி ஸ்விட்ச் வயர், சாவி ஸ்விட்ச். விளக்கு மங்காமல் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால், செல்ஃபுக்கு வரும் தடித்த வயரின் இணைப்பைப் பார்த்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடலாம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் எடுக்காவிட்டால், பெரும்பாலும் கோளாறு டீசல் பக்கம்.

இவர்கள் வண்டியில் விளக்கு மங்கியது. பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. எர்த் வயர் போல்ட்டுக்கு அடியில் துரு. மைனஸ் வயரை முதலில் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் டெர்மினல்களைத் துடைத்தார்கள். பேட்டரி மூடிக்குள் அந்த நீர் இறங்கக்கூடாது. துருவை உப்புத்தாளால் தேய்த்து, பிளஸ் வயரை முதலிலும் மைனஸைக் கடைசியிலும் இறுக்கி, மேலே வாசலின் தடவினார்கள். பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும். பக்கத்தில் பீடி கூடாது.

சாவியைத் திருப்பியதும் வண்டி எடுத்துக்கொண்டது. செலவு சோடா மாவும் உப்புத்தாளும்தான்.

மல்டிமீட்டர் இருப்பவர்கள் அளந்தும் பார்க்கலாம். இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைவாக இருக்கிறது. 12.2 என்றால் பாதி. இன்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 14 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஃபேன் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. செல்ஃப் மோட்டாரின் இரு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டு ஸ்டார்ட் செய்யும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அப்போது சேஃப்டி ஸ்விட்ச் வேலை செய்யாது. கியர் விழுந்திருந்தால், பக்கத்தில் நிற்பவர் மேலேயே சக்கரம் ஏறிவிடும்.

மறுநாள் அந்தக் குடும்பம் சாமை விதைத்தது. ஈரம் இன்னும் இருந்தது. டிராக்டர் இப்போது வாசலில், சமதளத்தில் நிற்கிறது.