தகப்பன் என்ற கையெழுத்து

கல்லடிப் பாலத்தடியில் வலை காயப்போட்டபடி கூட்டாளி கேட்டான்: "மச்சான், பிறப்புப் பதிவில தாயும் நானும் சேர்ந்துதானே கையெழுத்து வெச்சம். பிள்ளையில எனக்கு உரிமை இல்லையா?"

எனக்கு நா எழவில்லை. இலங்கையில் நம் பொதுச்சட்டம் ரோமன் டச்சுச் சட்டம். விவாகமின்றிப் பிறந்த பிள்ளைக்குத் தாயே இயற்கைப் பாதுகாவலர். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் தகப்பனுக்குச் செலவுக் கடமையைத் தருகிறது, பாதுகாவலைத் தருவதில்லை.

தாய்வழியே குடி எண்ணும் மட்டக்களப்புக்கு இது பழகிய நியாயம்தான். கைவிட்டு ஓடும் ஆண்களிடமிருந்து பெண்ணைக் காக்க அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இவன் ஓடவில்லையே! தாய் வளைகுடாவில் வேலைக்கு. காய்ச்சல் இரவுகளில் பிள்ளையைத் தோளில் போட்டு நடப்பவன் இவன்.

பாடசாலைப் படிவத்தை நீட்டினான். 'பாதுகாவலர்' என்ற கட்டம் இன்னும் வெறுமை.