களைகண்

'களை' என்ற சொல்லைத் தமிழ் பல வேலைகளுக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. வயலில் வேண்டாத செடி களை. முகத்தில் தெரியும் பொலிவும் களை. உடல் ஓய்ந்தால் களைப்பு. திருவிழா களைகட்டுகிறது என்கிறோம். வள்ளுவரிடமோ களைகட்டல் என்பது களை பிடுங்குவது. கொடியவர்களுக்கு அரசன் கொலைத் தண்டனை தருவதைப் பயிருக்குக் களையெடுப்பதோடு அவர் ஒப்பிட்டார் (550ஆம் குறள்). அந்த உவமை நம் அரசியல் மேடைகளில் இன்றும் உயிரோடிருக்கிறது. கட்சிகளுக்குள் நடப்பதையும் 'களையெடுப்பு' என்றுதான் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. கம்பர் வேறு விதம். கோசல நாட்டு வயலில் களை பறிக்க வந்த உழவர்கள், அங்கே பூத்துக் கிடக்கும் மலர்கள் தங்கள் பெண்களின் கண்ணையும் கையையும் முகத்தையும் ஒத்திருப்பதைக் கண்டு, பறிக்க மனமில்லாமல் உலவிக்கொண்டிருக்கிறார்கள் என்று நாட்டுப் படலத்தில் பாடிவிட்டுப் போகிறார்.

வள்ளுவரின் கண்டிப்பும் கம்பரின் தயக்கமும் வீட்டுக் கொல்லையில் நாலு பாத்தி போட்டவனுக்கு நன்றாகவே புரியும். தாவரவியலில் களை என்று ஒரு குடும்பம் இல்லை. நமக்கு வேண்டாத இடத்தில் முளைத்தது களை, அவ்வளவுதான். கத்தரிப் பாத்தியில் தானாக முளைத்த தக்காளி களை. அதே தக்காளியை நாமே நட்டால் அதன் அடியில் முளைக்கும் மணத்தக்காளி களை.

எங்கள் கொல்லை கும்பகோணத்துக்கு அருகே, காவிரி வண்டல் மண். காய்கறி போடும் இடம் ஏழு குழி, அதாவது ஏறத்தாழ ஆயிரம் சதுர அடி. ஆடியில் வெண்டை, கத்தரி, கொத்தவரை, அவரை. பந்தலில் புடலையும் பாகலும். இரசாயனம் எதுவும் போடுவதில்லை என்று பல ஆண்டுகளுக்கு முன் முடிவெடுத்தபோது உரமும் பூச்சியும் பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. எருவும் வேப்பம் புண்ணாக்கும் அதைப் பார்த்துக்கொண்டன. களைதான் கேள்வியாக நின்றது. முதல் மழை விழுந்த ஐந்தாறு நாளில் சாரணை, குப்பைக்கீரை, பருப்புக்கீரை, அம்மான் பச்சரிசி. ஐப்பசி மழையில் கீழாநெல்லி, தும்பை, ஈரம் தேங்கும் ஓரத்தில் கரிசலாங்கண்ணி. வேலியோரம் நாயுருவி, குப்பைமேனி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் வைத்தியத்தில் இடம் பிடித்துவிட்ட வெட்டுக்காயப்பூண்டு. எல்லாப் பருவத்திலும் கோரை.

இவை எங்கிருந்து வருகின்றன என்று கேட்பதைவிட, இவை ஏற்கெனவே இங்கே இருந்தன என்று ஒப்புக்கொள்வதே சரி. அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் 1879ஆம் ஆண்டு களை விதைகளை மணலோடு கலந்து 20 புட்டிகளில் அடைத்துக் கல்லூரி வளாகத்தில் புதைத்தார். முதலில் ஐந்தாண்டுக்கு ஒன்று, பிறகு பத்தாண்டுக்கு ஒன்று, இப்போது இருபதாண்டுக்கு ஒன்று என்று புட்டிகள் தோண்டி எடுக்கப்படுகின்றன. 2021ஆம் ஆண்டு எடுத்த புட்டியில், 142 ஆண்டுகள் மண்ணுக்குள் இருந்த விதைகளில் சில முளைத்தன. கடைசிப் புட்டி 2100இல் வெளியே வரவேண்டும். புதைத்தவர் 1924ஆம் ஆண்டே மறைந்துவிட்டார். மண் எவ்வளவு பொறுமையானது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

இந்தப் பொறுமையிலிருந்துதான் இயற்கை வழிக் களை மேலாண்மையின் முதல் பாடம் வருகிறது: மண்ணைத் தேவையில்லாமல் புரட்டாதே. பல களைகளின் விதை மிகச் சிறியது. ஆழத்தில் முளைத்தால் மேலே வருவதற்குள் அதன் சேமிப்பு தீர்ந்துவிடும். ஆகவே அது வெளிச்சத்துக்காகக் காத்திருக்கிறது. மண்வெட்டி ஒரு முறை புரட்டும்போது படும் கணநேர வெளிச்சமே சில இனங்களுக்குப் போதும். தாங்கள் மேற்பரப்புக்கு அருகில் வந்துவிட்டதாக அவை எடுத்துக்கொள்ளும். நன்றாகக் கொத்திவிட்ட பாத்தியில் பத்தே நாளில் பச்சைப் பாய் விரிவது இதனால்தான்.

விதைகளின் இந்த அவசரத்தை நாம் பயன்படுத்திக்கொள்ளவும் முடியும். பாத்தியைத் தயார் செய்து, விதைக்காமல் தண்ணீர் மட்டும் விட்டு, பத்துப் பதினைந்து நாள் காத்திருக்கவேண்டும். மேல்மண்ணில் உள்ளதெல்லாம் முளைக்கும். இரண்டு மூன்று இலை விட்டதும், வெயில் ஏறும் முன்னே, களைக்கொட்டால் மேலாகச் சுரண்டிவிடவேண்டும். அரை அங்குலத்துக்கு மேல் ஆழம் போகக்கூடாது. போனால் கீழேயுள்ள அடுத்த கூட்டத்தை அழைத்ததாகிவிடும். பகல் வெயிலில் முளைகள் சுருண்டு கிடக்கும். அதன் பிறகே நம் விதை. ஆடிப்பட்டம் கைவிட்டுப் போகிறதே என்ற பதற்றத்தோடு அந்தப் பதினைந்து நாளைக் கடப்பதுதான் இதில் கடினம்.

அடுத்தது மூடாக்கு. நான்கு விரற்கடைக்குக் குறையாமல் சருகோ வைக்கோலோ பரப்பினால் விதையிலிருந்து வரும் களைகளில் பெரும்பாலானவை தலைகாட்டா. எங்கள் பக்கம் வாழைச் சருகுக்குப் பஞ்சமில்லை. தென்னங்கீற்று மட்கத் தாமதமாகும், அதனால் நெடுநாள் உழைக்கும். வைக்கோலில் ஒட்டியிருக்கும் நெல்லும் புல் விதையும் முளைக்கும் என்பதால் அதைத் தட்டி உதறிப் போடவேண்டும். பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்து நனைத்து அடியில் விரித்து, மேலே சருகு போடுவது இன்னும் பலன் தரும். தண்டைச் சுற்றி இரண்டு அங்குலம் விடுவது முக்கியம்; ஈரச் சருகு தண்டோடு ஒட்டினால் அழுகல் வரும். கோடையில் கரையானும் மழையில் நத்தையும் மூடாக்கைத் தேடி வரும். அவற்றோடும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்துதான் ஆகவேண்டும்.

தண்ணீரைப் பாத்தி முழுக்கப் பாய்ச்சாமல் செடியின் தூரில் மட்டும் விடுவது, மட்காத சாணத்தைப் போடாமலிருப்பது (மாட்டின் வயிற்றைக் கடந்தும் பல விதைகள் உயிரோடு வரும், நன்றாகச் சூடேறி மட்கிய எருவில்தான் அவை சாகும்), இடைவெளியில் தட்டைப்பயறு விதைத்து நிழல் கட்டுவது, எந்தக் களையையும் பூத்து விதைக்க விடாமலிருப்பது ஆகியவை மற்றவை. ஓராண்டு விதைக்க விட்டால் ஏழாண்டு களையெடுக்கவேண்டும் என்று ஆங்கிலேயத் தோட்டக்காரர்களிடம் ஒரு வழக்கு உண்டு. குப்பைக்கீரைச் செடி ஒன்று ஆயிரக்கணக்கில் விதை சொரிவதைப் பார்த்தவர்கள் அதை மிகை என்று சொல்லமாட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது கோரை. 1977ஆம் ஆண்டு வெளியான 'உலகின் மிக மோசமான களைகள்' என்ற ஆங்கில நூல் முதலிடத்தைக் கோரைக்குத்தான் கொடுத்தது. மூடாக்கு அதற்கு ஒரு பொருட்டல்ல. ஊசி போன்ற அதன் முனை பிளாஸ்டிக் விரிப்பையே துளைத்து வரும். மண்ணுக்குள் கிழங்குகள் மணிமாலைபோல் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும். மாலை அறுபடாதவரை சில கிழங்குகளே முளைக்கும், மற்றவை உறங்கும். மண்வெட்டியால் மாலையை அறுத்தால் ஒவ்வொரு மணியும் தனித்து விழித்துக்கொள்ளும். கோபத்தோடு கொத்தக் கொத்தக் கோரை பெருகுவதன் காரணம் இதுதான். அதற்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. நிழல் ஆகாது, உலர்ந்த கிழங்கு பிழைக்காது. சித்திரை வெயிலில் மண்ணைப் புரட்டிக் கிழங்குகளைக் காயவிடுவதும் (மண்ணைப் புரட்டலாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் ஒரே சந்தர்ப்பம் இது), பிறகு அந்த இடத்தில் சர்க்கரைவள்ளியை அடர்த்தியாகப் படரவிடுவதும், இடையில் தலைதூக்கும் ஒவ்வொரு தளிரையும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை அகற்றிக் கிழங்கின் சேமிப்பைத் தீர்ப்பதுமாக இரண்டு ஆண்டுகளில் எங்கள் கொல்லையில் கோரை ஒரு மூலைக்கு ஒதுங்கியது. ஒழிந்தது என்று சொல்லமாட்டேன். அந்தக் கிழங்குதான் சித்த மருந்துக் கடையில் முத்தக்காசு என்ற பெயரில் மணத்தோடு விற்கப்படுகிறது.

இவற்றில் பாதி நூல்களிலிருந்து கற்றவை. மீதியைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவுக்குப் பின்னால் குடியிருக்கும் ஓர் அக்கா. பன்னிரண்டு வயதில் நாற்றுப் பறிக்கவும் களையெடுக்கவும் வயலில் இறங்கியவர், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதையே செய்தவர். இப்போது மாதம் இரண்டு நாள் எங்கள் கொல்லைக்கு வருகிறார். என் கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தெரியும் பாத்தியில் அவர் கை தயங்காமல் போகும். இரண்டே இலை விட்ட கத்தரியையும் அதேபோல் இரண்டு இலை விட்ட வேறொன்றையும் எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று ஒரு முறை கேட்டேன். "ரெண்டு எலை விட்ட அன்னிக்கே தெரியணும் தம்பி. வளந்தப்புறம் தெரிஞ்சு என்ன புண்ணியம்?" என்றார். பருப்புக்கீரையையும் குப்பைக்கீரையையும் தனியாக மடியில் போட்டுக்கொள்வார். கீழாநெல்லியைப் பார்த்தால் ஓரத்துக்கு மாற்றி நடுவார். மழை விட்ட மறுநாள்தான் வேருக்கு ஏற்ற நாள் என்பதும், காய்கறிச் செடிக்கு முதல் நாற்பது நாள் காவல் கொடுத்தால் பிறகு அதுவே தன் நிழலில் தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்பதும் அவர் சொன்னவை. வேளாண் நூல்களும் இதையே சொல்கின்றன, இன்னும் நீளமான வாக்கியங்களில்.

அந்தக் கண்ணைப் பற்றி நினைக்கையில் ரஷ்ய அறிஞர் வவிலோவ் நினைவுக்கு வருகிறார். கோதுமை வயலில் களையாக இருந்த ரை என்ற தானியம், மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிரித்தெடுத்ததில், பிரிக்க முடியாத அளவுக்குக் கோதுமையைப் போலவே மாறி, கடைசியில் தானே பயிராகிவிட்டது என்று அவர் காட்டினார். நெல் வயலிலும் இது நடந்திருக்கிறது. குதிரைவாலி இனத்துப் புல் ஒன்று இளம்பருவத்தில் நெற்பயிரைப் போலவே நிமிர்ந்து நிற்கும். வேறு மாதிரி நின்றவற்றையெல்லாம் ஆசிய வயல்களின் கைகள் பிடுங்கிவிட்டன; ஏமாற்றத் தெரிந்தவை மிஞ்சின. பெயர் எங்கும் பதிவாகாத கூலிப் பெண்களின் பார்வை ஒரு புல்லின் உருவத்தையே மாற்றியிருக்கிறது. அந்தப் பார்வையைத் தப்ப அதற்கு நூற்றாண்டுகள் ஆயின. பஞ்சாப், ஹரியானா கோதுமை வயல்களில் ஐசோபுரோட்டுரான் என்ற களைக்கொல்லியைத் தப்ப ஒரு புல்லுக்குப் பதினைந்து ஆண்டுகள் போதுமானதாக இருந்தன. 1990களின் தொடக்கத்திலேயே அந்த மருந்துக்கு அது சாகவில்லை.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்கக்கூடாது. களைக்கொல்லி வந்து தன் தொழிலைப் பறித்துவிட்டது என்று அக்கா புலம்புவார் என்று எதிர்பார்த்துத்தான் பேச்சை எடுத்தேன். "மருந்து வந்ததுல முதுகு நிமிந்துச்சு தம்பி. கூலிதான் போச்சு" என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நின்றவர். ஆணுக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த கூலியையே என்றும் வாங்கியவர். இயற்கை வேளாண்மையைப் பற்றி எழுதுகிறவர்கள், நான் உட்பட, 'கையால் களையெடுக்கலாம்' என்று ஒரு வரியில் கடந்துபோகிறோம். யாருடைய கை என்று எழுதுவதில்லை.

கிளைபோசேட்டை அடித்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடுமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 1974இல் சந்தைக்கு வந்த மருந்து. 2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் வைத்தது. வேறு சில நாடுகளின் ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அந்த விவாதத்தில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஏழு குழியில் அது தேவையில்லை என்பது மட்டும் தெரியும். கத்தரிக்கு ஒரு சாண் தள்ளி அடித்தாலும் காற்று கத்தரியை விட்டுவைக்காது. உப்பும் வினிகரும் கலந்து தெளிக்கும் 'இயற்கை' வைத்தியமும் பரவலாகச் சொல்லப்படுகிறது. வினிகர் இலையைக் கருக்கும், கிழங்கைத் தொடாது. உப்பு மண்ணிலேயே தங்கி அடுத்த பயிரையும் சேர்த்துக் கெடுக்கும். சமையலறையில் இருக்கிறது என்பதாலேயே ஒன்று மண்ணுக்கு உகந்ததாகிவிடாது.

ஆக மிஞ்சுவது கண்ணும் கையும்தான். மூடாக்கும் போலி விதைப்பும் நிழலும் கையின் வேலையைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கத்தான். அந்த ஒரு பங்கு யாராவது குனிந்து செய்யவேண்டியது. பெரும்பகுதியை இப்போது நானே செய்கிறேன். காலையில் அரை மணி நேரம், சின்னப் பலகையில் உட்கார்ந்து. அக்கா வரும் நாளில் ஆண்களுக்கு என்ன கூலியோ அதைக் கொடுக்கிறேன். அவர் உட்கார்ந்து இடம் காட்டுவார், நான் பிடுங்குவேன். அவருடைய மகள் துணிக்கடையில் வேலை பார்க்கிறார், பேத்தி கல்லூரியில் படிக்கிறார். இருவருக்கும் இந்தச் செடிகளின் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டும் என்று அக்காவும் விரும்பவில்லை. அது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் இரண்டு இலையில் ஒரு செடியை இன்னதென்று அறியும் அந்தக் கண் அவரோடு போய்விடும் என்பதும் உண்மை. எந்த நூலிலும் அது முழுவதுமாக ஏறவில்லை.

பழந்தமிழில் 'களைகண்' என்று ஒரு சொல் உண்டு. பற்றுக்கோடு, துன்பத்தில் துணை நிற்பது என்று பொருள். களை எடுப்பதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு ஒன்றுமில்லை. என்றாலும் அந்தச் சொல்லை எங்கு பார்த்தாலும் எனக்கு இப்போது அக்காவின் நினைவுதான் வருகிறது. அவர் சொல்லச் சொல்ல, முளைத்த இரண்டு இலைகளின் படத்தை ஒரு நோட்டுப்புத்தகத்தில் வரைந்துவருகிறேன். இதுவரை முப்பத்தொன்று ஆகியிருக்கிறது.