பூநகரியில் மின்கிற்றார்

மலர்க் குழுவினர் என் ஊரைப் பற்றி ஏதேனும் எழுதித் தருமாறு பணித்தனர். பூநகரிக் கோட்டையின் வரலாற்றையும் மொட்டைக்கறுப்பன் அரிசியின் சுவையையும் எடுத்துரைக்க வல்லோர் நம் பழைய மாணவருள் பலர் உளர். அவர்தம் துறையிற் புகுந்து இடர்ப்பட யான் விரும்பவில்லை. எனக்குச் சிறிது தெரிந்தவை மின்கிற்றாரும், அதன் ஒலியைப் பெருக்கும் அம்பிளிபயரும், வாசிப்பவன் காலடியிற் கிடக்கும் 'பெடல்' என்னும் சிறு பெட்டிகளுமே. சங்கீதம் கற்பித்த ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்வார்களாக.

மின்கிற்றார் தன்னளவில் ஏறக்குறைய ஊமை வாத்தியம். கம்பி அதிர்கிறது, அதன்கீழ்க் காந்தத்தைச் சுற்றியுள்ள செப்புச் சுருளில் அவ்வதிர்வு சிறு மின்னோட்டமாக மாறுகிறது, அது அம்பிளிபயரிற் பெருகி, ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பை அசைத்த பின்னரே நம் செவிக்கு எட்டுகிறது. வீணைக்குக் குடம் எப்படியோ அப்படியே கிற்றாருக்கு அம்பிளிபயர். அதனைத் துணைக்கருவி என்று எண்ணுவோர் வாத்தியத்திற் பாதியை வாங்காது விட்டவராவர்.

பழைய வால்வு அம்பிளிபயர்களை அவற்றின் சக்திக்கு மேல் உந்தினால், ஒலியலையின் முடிகள் வெட்டுண்டு, மூலச் சுரத்தோடு புதிய மேற்சுரங்கள் பல கலந்து, ஓசை சற்றுக் கரகரத்துச் செழிக்கும். பொறியியலாளர் இதனைக் குற்றம் என்றனர். வாசிப்போர் சுவை என்றனர். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்பாரின் பாடலொன்று ஒலிப்பதிவாகியபோது, கருவியிற் பழுதுற்ற பகுதியொன்றினூடாகச் சென்ற கிற்றாரின் குரல் முரடாகப் பதிந்தது. அப்பழுதையே ஒரு சிறு பெட்டியுள் அடக்கி, 1962-இல் 'மேஸ்ட்ரோ பஸ்-ரோன்' என்ற பெயரில் விற்பனைக்கு விட்டனர். 1965-இல் ரோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் அதனைக் கையாண்ட பின் அது உலகப் பிரசித்தம் பெற்றது. இங்கிலாந்தில் டேவ் டேவிஸ் என்னும் இளைஞரோ 1964-இல் பெட்டி எதனையும் நாடாது, சவர அலகினால் ஸ்பீக்கரின் கூம்பையே கீறிவிட்டார். மாணவ நண்பர்கள் இதனைப் பரீட்சித்தல் வேண்டா. ஸ்பீக்கரின் விலை இன்று அத்தகையது அன்று.

1990-களில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மின்சாரம் இல்லாதிருந்ததையும், பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்ததையும் என் வயதினர் மறந்திரார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மாறி ஒருவர் கையாற் சுழற்றி, டைனமோவின் வலுவிலே பாட்டுக் கேட்டோம். சுழற்றுபவன் களைத்தாற் பாட்டும் களைத்தது. எனக்கு முதன்முதல் வாய்த்த பெடல் அதுவே எனலாம். ஒலி என்பது மின்சாரத்தின் நிழல் என்பதை அந்நாட்களிற் கற்றேன். பின்னாளிற் படித்த நூல்கள் அதற்குப் பெயர்களை மட்டுமே தந்தன.

நிற்க. 2011 தை மாதத்திற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. அதன் பின் யாழ்ப்பாணத்து இசைக்குழுக்கள் தம் பெட்டிகளோடு நேரே எங்கள் ஊருக்கு வரலாயின. ஒரு கலியாண வீட்டில், இரவு எட்டு மணியளவில், கிற்றார் வாசித்த இளைஞர் பாட்டின் இடையிற் பெடலை மிதித்தார். முன்னால் நின்ற சிறுவர் துள்ளினர். ஆனால் நடுவயது கடந்தோர் பலரின் தோள்கள் ஒருகணம் குறுகின. தலைகள் தாமாகவே தாழ்ந்தன. ஒரு தாய் உறங்கிய பிள்ளையை அள்ளிக்கொண்டு பனைகளின் பக்கமாக நடந்தார். எவரும் எதுவும் சொல்லவில்லை. 2009 வரை அவர்கள் செவிகள் கேட்டவை எவை என்பதை யான் ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை. வாசித்த இளைஞரைக் குறைகூறவும் இடமில்லை. அவர் விரல்கள் நன்கு பயின்றவை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அந்தக் குரல் வேண்டியிருந்தது. கிற்றார் வேண்டாம் என்று அவர்களிடம் சொல்ல யாருக்கு மனம் வரும்? அதிராமல் செழிக்கும் நாதம் ஒன்று கிடைக்குமா என்பதே அன்று முதல் என் ஆராய்ச்சியாயிற்று.

பெடலின் மெய்யான பயன் இங்குதான் இருக்கிறது. வால்வு அம்பிளிபயர் உரத்துப் பாடும்போதே செழிப்பது. பெடலோ அம்பிளிபயருக்கு முன்னரே அலையை வெட்டிவிடுவதால், தாழ்ந்த சத்தத்திலும் அச்செழிப்பு வருகிறது. வலுவைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. 100 வாற்று அம்பிளிபயர் 10 வாற்றினதைப் போலப் பத்து மடங்கு உரத்தது என்று பிள்ளைகள் எண்ணுவர். செவிக்கு அது ஏறக்குறைய இரு மடங்கே. நாங்கள் 15 வாற்றுச் சிறு பெட்டி ஒன்றைக் கதிரையில் ஏற்றி, அதன் முன் மைக்கை வைக்கிறோம்.

அவ்வாறு வைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் ஊர்களிற் பெடலிலிருந்து வரும் கம்பியை நேரே வாடகை ஒலிபெருக்கியிற் செருகுவதே வழக்கம். கிற்றாருக்கென்று செய்த ஸ்பீக்கர் 5,000 ஹேர்ட்ஸ் அளவுக்கு மேற்பட்ட கூர்மையை ஏறக்குறைய வடித்துவிடும். வாடகைப் பெட்டியின் கொம்பு ஒலிபெருக்கி அதனை வடிக்காது, மாறாக முன்னே தள்ளும். கலியாண வீட்டிற் கேட்ட அரக்குரலிற் பாதி அக்கொம்பினுடையதே. நல்ல பெடல்களைக் குற்றஞ்சாட்டி விற்றுவிட்டோர் பலரை அறிவேன். அவர்கள் முதலில் ஸ்பீக்கரைப் பார்த்திருக்கலாம்.

வீட்டில் இனிமையாக ஒலித்தது மேடையிற் கெட்டுப்போகிறது என்பது இளைஞரின் நிரந்தர முறைப்பாடு. 1933-இல் பிளெச்சர், மன்சன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர் இதன் காரணத்தை அளந்து காட்டினர்: மெல்லிய ஒலியில் நம் செவி கீழ்ச்சுரங்களையும் மிக மேற்சுரங்களையும் குறைவாகவே உணர்கிறது. ஆதலால் அறைக்குள் மெதுவாக வாசிப்பவன் அவ்விரண்டையும் கூட்டிவைக்கிறான். மேடையில் அவை முழங்கியும் கிறீச்சிட்டும் எழுகின்றன. நடுச்சுரங்களோ மத்தளத்துக்கும் ஓர்கனுக்கும் இடையில் அமிழ்ந்துபோகின்றன. 1970-களின் இறுதியில் வந்த 'ரியூப் ஸ்கிறீமர்' என்னும் பச்சைப் பெட்டி அடிச்சுரத்தைக் குறைத்து நடுவை உயர்த்துவது. தனியே கேட்டால் மூக்கடைத்த குரல், குழுவினுள்ளே தெளிந்த குரல். எங்கள் பிள்ளைகளில் மூவர் அதனை வெறுத்தனர். மேடையிற் கேட்ட பின் அதற்காகச் சண்டையிட்டனர்.

இனி வெயில். 1966-இல் இலண்டனில் தோன்றிய 'பஸ் பேஸ்' போன்ற பெடல்கள் ஆதியில் ஜேர்மானியம் திரான்சிஸ்டர்களால் ஆனவை. வெப்பம் ஏற ஏற ஜேர்மானியத்திற் கசியும் மின்னோட்டம் கூடும். குரல் திக்கித் தேயும். குளிர்நாட்டார் கண்ட கருவி, சித்திரை மாதத்துப் பூநகரித் தகரக் கொட்டகையில் நண்பகலில் ஒரு குரலும் உப்புக்காற்று வீசும் இரவில் வேறொரு குரலும் காட்டிற்று. அதன் குரலில் எனக்கு மிகுந்த விருப்பம். ஆயினும் மேடைக்குச் சிலிக்கன் பெடலையே கொடுத்தனுப்புகிறேன்.

கமகத்தைப் பற்றிச் சொல்லாது விடின் கல்லூரியில் வீணை பயின்றோர் என்னை மன்னியார். கிற்றாரின் சுரம் விரைவில் அவிவது. அவிந்த சுரத்தை எப்படி அசைப்பது? மண்டலின் சீனிவாஸ் (1969-2014) தம் சிறு வாத்தியத்தை மின்வாத்தியமாக அமைத்துக்கொண்டதால் நீண்ட சுரமும் அதன்மேற் கமகமும் அவருக்கு வாய்த்தன. அலையை வெட்டும் பெடலும் இந்த நீட்சியைத் தருகிறது: உயர்ந்ததை அமுக்கித் தாழ்ந்ததை மேலே தூக்குவதால் சுரம் நெடுநேரம் நிற்கிறது. ஆனால் பல சுரங்களை ஒருங்கே மீட்டினால் அவை ஒன்றோடொன்று மோதி, கேளாத சுரங்களும் பிறந்து குழம்பும். ஒற்றைச் சுரமாக, பெடலின் முறுக்கைப் பாதிக்கும் கீழே வைத்து வாசித்தால், கம்பியை இழுக்கும் விரலின் நுணுக்கம் கேட்கிறது. முறுக்கை முழுதும் ஏற்றினால் மெல்லத் தொட்டதும் ஓங்கி அடித்ததும் ஒன்றாகிவிடும். பின்னர் விரலுக்கு என்ன மதிப்பு?

ஜெனரேற்றரின் உறுமலைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். 'ங்ங்' என்னும் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் கேட்டவுடன் நில இணைப்புக் கம்பியை அறுத்துவிடும் கெட்ட பழக்கம் நம்மிடையே உண்டு. மைக்கை உதட்டில் தொட்டபடி கிற்றாரைப் பிடித்திருப்பவனுக்கு அது உயிராபத்து. இரட்டைச் சுருள் பிக்கப் 1955-இலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. பிக்கப்பின் சுருள் பற்றிக்கொள்ளும் இரைச்சலுக்கு அதுவே மருந்து.

எங்கள் குழுவில் இப்போது ஐந்து பேர் இருக்கின்றனர். அம்பிளிபயர்கள் பலவற்றின் குரலைப் போலச் செய்யும் டிஜிற்றல் பெட்டி ஒன்றை வாங்கித் தருமாறு கேட்கின்றனர். யான் இன்னும் இணங்கவில்லை, அவர்களும் விடுவதாக இல்லை. அடுத்த பங்குனியிற் கோயில் வெளியில் வாசிக்க இருக்கிறார்கள். பழைய மாணவர் எவரேனும் பாலத்தைக் கடந்து வருவராயின், முன்வரிசையை விடுத்து, நடுவில் முதியோர் அமரும் பாய்களின் பக்கமாக இருக்குமாறு வேண்டுகிறேன். ஒலியை அவ்விடத்திலிருந்து கேட்டுத்தான் சரிசெய்கிறோம்.