வாடகை நிழல்



சித்திரை வெயிலில் சிட்லபாக்கம் ஏரிக்கரை வழியாக நடந்து சென்றவர் எவருக்கும் நிழலின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. கரையோரத்து மரத்தடியில் இளநீர் விற்பவர், பள்ளிப் பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாய், களைத்து அமரும் முதியவர் எனப் பலரும் அங்கே இடம் பெறுகின்றனர். அந்நிழலுக்கு எவரும் கட்டணம் கேட்டதில்லை. ஆகவே, ஒரு பகற்பொழுதுக்கு நிழலை வாடகைக்கு எடுத்து அதில் அமர்ந்துவரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியபோது, வியப்பும் கூச்சமும் ஒருசேர எழுந்தன. அந்த ஒரு நாளில் நாம் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறோம்.

நமது பங்கில் ஒரு மூதாட்டி இருக்கிறார். பிறந்தது இலங்கையின் திருகோணமலையில். அவர்தம் தந்தையார் அங்கிருந்த பிரித்தானியக் கடற்படைத் தளத்தில் கூலித் தொழிலாளியாக இருந்தவர். 1957-ஆம் ஆண்டு அத்தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டபோது வேலை போயிற்று. மறு ஆண்டு, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலேறி, அங்கிருந்து போட் மெயிலில் தாம்பரம் வந்து இறங்கியது அக்குடும்பம். அப்போது அவருக்குப் பதினோரு வயது. அவர்கள் வந்த தனுஷ்கோடித் துறை 1964-ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் அழிந்தது. பிறகு போர் வந்தது. பிறந்த கரையைக் காணும் ஆவல் அறுபத்தைந்து ஆண்டுகள் அவர் உள்ளத்திலேயே கிடந்தது.

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு உல்லாசப் பயணக் கப்பல் ஒன்று புறப்படத் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இடங்களைத் தொட்டுத் திரும்பும் பயணம் அது. அவருடைய மகன், கணினித் துறையில் பணியாற்றுபவர், தாயாருக்குப் பயணச்சீட்டு எடுத்தார். “சாமியும் வந்தால்தான் நான் கப்பல் ஏறுவேன்” என்று அந்த அம்மா பிடிவாதம் பிடிக்கவே, நமக்கும் ஒரு சீட்டு வந்து சேர்ந்தது. மறுத்தோம், மறுப்பு எடுபடவில்லை.

கப்பலின் ஆடம்பரத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பாட்டும் கூத்தும் சூதாட்ட மேசையும் அங்குண்டு. இரவில் மேல்தளத்திலிருந்து காணும் கடலும் உண்டு. மூதாட்டி பின்னதையே விரும்பினார், நாமும் அவ்வாறே.

திருகோணமலையில் கப்பல் நிற்பது ஒரு பகல் மட்டுமே. மாலையில் குறித்த நேரத்திற்குள் திரும்பிவிட வேண்டும். கப்பல் எவருக்காகவும் காத்திராது. முழங்கால் வலியால் தாயார் அதிகம் நடக்க இயலாதவர் ஆதலின், நகருக்கு வடக்கே நிலாவெளிக் கடற்கரையில் ஒரு கபானாவை மகன் முன்னரே வாடகைக்கு எடுத்திருந்தார். ஒரு பகலுக்கு அவர் கொடுத்த தொகையைக் கேட்டறிந்தபோது நமது நெற்றி சுருங்கியது. நம் ஆலயத்துக் காவலர் பெறும் மாத ஊதியத்தில் ஏறத்தாழப் பாதி அது! “தம்பி, ஒரு குடையை விரித்து மணலில் அமர்ந்தால் போதாதா?” என்றோம். “பாதர், அம்மா சாய்ந்து படுக்க ஒரு கட்டில் வேணும், பக்கத்திலேயே கழிப்பறை வேணும். குடைக்குக் கீழே இதெல்லாம் கிடைக்குமா?” என்றார் அவர். நம்மிடம் பதில் இல்லை.

கபானா என்னும் சொல்லைப் பற்றி ஓரிரு வார்த்தைகள். இது ஸ்பானிய மொழியில் குடிசையைக் குறிக்கும்; அதன் மூலம் பிற்கால இலத்தீனில் வழங்கிய ‘கப்பன்னா’. குருமடத்தில் இலத்தீன் பயின்ற நாள்களில் அச்சொல்லைக் கண்டிருக்கிறோம். ஏழாம் நூற்றாண்டில் சொற்பிறப்பு நூல் எழுதிய செவில் நகர்ப் புனித இசிதோர், நாட்டுப்புறத்தார் வழங்கும் இச்சொல்லுக்கு ஒரு விளக்கம் தருகிறார்: ஒருவரை மட்டுமே கொள்ளும் சிறு குடில் என்பதனால் அப்பெயராம். இன்றைய மொழியறிஞர் இதனை ஏற்பதில்லை. ஆயினும் நிலாவெளியில் அன்று இவ்விளக்கம் நம் நினைவுக்கு வந்தது. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

இலங்கைக் கடற்கரைகளில் கபானா என்ற பலகையைப் பல இடங்களில் காணலாம். மரக்கால்கள் நட்டுக் கிடுகு வேய்ந்த கூரை. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் கீற்றுக் கொட்டகை. உள்ளே மெத்தையிட்ட கட்டில், நாற்காலிகள், மின்விசிறி. சற்றுத் தொலைவில் அதே கிடுகினால் வேய்ந்த வேறு சில குடில்களும் இருந்தன. வலையும் கயிறும் வைத்துக்கொண்டு மீனவர் தங்கும் அவற்றிற்கு அவ்வூரார் ‘வாடி’ என்று பெயரிட்டு அழைக்கின்றனர். கூரையும் ஒன்றே, மணலும் ஒன்றே. முன்னதற்கு வாடகை, பின்னதற்கு உழைப்பு. வேறுபாடு அவ்வளவுதான்.

மூதாட்டி கட்டிலில் சாய்ந்து கடலை நோக்கியபடி வெகுநேரம் பேசாதிருந்தார். எதிரே புறாமலைத் தீவு நீலத்தில் மிதந்தது. அவர் கண்களில் நீர் வழிந்ததைக் கண்டபோது, அந்த வாடகைப் பணத்தைப் பற்றி நாம் சொன்ன சொல்லுக்காக நாணினோம். முதுமையில் ஒரு தாய்க்கு ஒரு நாள் நிழல் வாங்கித் தருவது வீண் செலவு ஆகாது.

ஆனால், அந்நிழலோடு வேறொன்றும் நமக்கு வாடகைக்குத் தரப்பட்டிருந்தது. கபானாவின் இருபுறமும் கழிகளை நட்டு, அலை வந்து மோதும் இடம் வரை வண்ணக் கயிறு கட்டியிருந்தனர். விருந்தினரின் தனிமைக்காக என்றார் காவலுக்கு நின்ற இளைஞர். நமக்கு அது அப்போது பெரிதாகப் படவில்லை.

முற்பகலில் கரைவலை இழுக்கத் தொடங்கினர். அறியாதவர்க்காகச் சொல்கிறோம். படகில் வலையைக் கொண்டுபோய் வளைவாகக் கடலில் விடுவர். அதன் இரு கயிறுகளும் கரையில் சில நூறு அடி இடைவெளியில் இரு குழுவினரிடம் இருக்கும். பாட்டோடும் தாளத்தோடும் இழுக்க இழுக்க, இரு குழுக்களும் ஒன்றையொன்று நோக்கி நகர வேண்டும். அப்போதுதான் வலை மடங்கி மீன் மடிக்குள் அடையும். எந்தக் கரையில் எவர் வலை விடுவது என்பதற்கும் முறையுண்டு. அவ்விடத்தைப் ‘பாடு’ என்பர். நமது பழவேற்காட்டு ஏரியிலும் மீன்பிடி உரிமையை முறைவைத்துப் பகிரும் வழக்கத்திற்குப் பாடு என்றே பெயர்.

வடபுறக் குழுவில் இருபது பேருக்குக் குறையாமல் இருந்தனர். பெண்களும் சிலர். அவர்கள் இழுத்தபடி தெற்கே நகர்ந்து நமது வண்ணக் கயிற்றருகே வந்து நின்றனர். காவலர் இளைஞர் ஓடிச்சென்று தடுத்தார்.

“காசு கட்டின ஆக்கள் இருக்கினம். சுத்திப் போங்கோ” என்றார்.

“இழுபட்டுக் கிடக்கிற வலையோட சுத்திப் போறதோ? எங்கட பாடு இது, தம்பி. கயித்தைக் கழட்டு” என்றார் முதியவர் ஒருவர்.

இளைஞர் தயங்கினார். அவர் முகத்தில் அச்சம் தெரிந்தது. இழுப்பவர் கைகள் கயிற்றை விடாது பற்றியிருந்தன. வலை நின்றது.

அப்போது நாம் என்ன செய்தோம்? உண்மையைச் சொல்வதே முறை. நாம் நாற்காலியில் இருந்தோம். கையில் இளநீர் இருந்தது. இது அந்நிய நாடு. நாம் விருந்தினராக வந்தவர். உரியவர்கள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று மனத்திற்குள் காரணங்களை அடுக்கினோம். ஒவ்வொரு காரணமும் சரியாகவே தோன்றியது. தவறான மௌனத்திற்குச் சரியான காரணங்கள் எத்தனை எளிதில் கிடைக்கின்றன!

கட்டிலிலிருந்து மூதாட்டி எழுந்தார். மகன் தாங்கப் போனார், கையை விலக்கினார். “வலை நின்னா மீன் போயிடும்டா. எங்கப்பா டாக்கியார்டு வேலை இல்லாத நாள்ல இந்தக் கயிறுதான் இழுப்பாரு. அந்தப் பங்கு மீன்லதான் நாங்க வளர்ந்தோம்” என்றார். வெயிலில் மெல்ல நடந்து கழியருகே சென்று நம்மைத் திரும்பிப் பார்த்தார்.

“சாமி, இந்த முடிச்சை அவிழ்த்து விடுங்க. எனக்குக் குனிய முடியல.”

இளநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து சென்றோம். முடிச்சு இறுகியிருந்தது, ஈரமும் உப்பும் ஏறியிருந்தது. அதனை அவிழ்க்க ஒரு நிமிடமே ஆகியிருக்கும். ஆயினும் அத்தனை பேர் பார்த்திருக்க, கேட்ட பிறகே எழுந்து வந்த கையோடு முடிச்சை அவிழ்ப்பது நெடுநேரம் போலிருந்தது. மறுபுறத்துக் கயிற்றை மகன் அவிழ்த்தார். காவலர் இளைஞரிடம், “நாங்கள்தான் கழற்றச் சொன்னோம் என்று உங்கள் முதலாளியிடம் நானே சொல்கிறேன்” என்று உறுதி கூறி, அவ்வாறே பின்னர்ச் செய்யவும் செய்தார்.

குழுவினர் கடந்து சென்றனர். “வெயிலுக்க நிக்காதேங்கோ, அம்மா” என்று அந்த முதியவர் சொல்லிவிட்டுப் போனார். நெடுநேரத்திற்குப் பிறகு வலை கரையேறியது. பெரும் பாடன்று, சூடையும் கீரியும் கொஞ்சம் பாரையும். நின்ற வேளையில் எவ்வளவு போயிற்றோ, யார் கணக்கிடுவார்? தண்ணீர் குடிக்க அழைத்தோம். பெண்களும் சிறுவர்களும் தயங்கித் தயங்கி வந்தனர். ஆறு பேருக்கு என்று சொல்லித் தரப்பட்ட அந்த நிழலில் பதினைந்து பேர் அமர்ந்தனர். இசிதோரின் விளக்கம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒருவரை மட்டும் கொள்ளும் குடில் என்று பெயர் இருக்கலாம். கொள்ளளவு கூரையைப் பொறுத்ததன்று.

பங்காகத் தந்த கைப்பிடி மீனைக் கப்பலுக்குக் கொண்டு போக இயலாது. மூதாட்டி அதனைக் காவலர் இளைஞரிடமே கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டு தலைகுனிந்தார். வலை இழுத்தவர்களில் ஒருவர் அவருடைய தாய்மாமன் என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

வாசகர்களே, உல்லாசக் கப்பல் நிறுவனங்கள் கடற்கரைகளைத் தமக்கெனக் கொள்வது உலகெங்கும் நடப்பதே. 1977-ஆம் ஆண்டிலேயே ஒரு நிறுவனம் பஹாமாசில் ஒரு தீவைத் தன் பயணிகளுக்கென எடுத்துக்கொண்டது. இன்று அங்குள்ள வேறொரு தீவில், நீரின்மேல் கட்டிய கபானா ஒன்றின் ஒரு நாள் வாடகை ஆயிரம் டாலரைத் தாண்டும். ஹைத்தி நாட்டின் வடகரையில் லபடி என்னும் இடம் 1980-களிலிருந்து ஒரு நிறுவனத்தின் குத்தகையில் இருந்து வருகிறது. வேலியும் காவலும் உண்டு. 2010 ஜனவரி 12 அன்று அந்நாட்டின் தலைநகரைப் பெரும் நிலநடுக்கம் அழித்தது. மூன்றே நாள்களில் லபடிக்கு உல்லாசக் கப்பல் வந்தது. பிணங்கள் எடுக்கப்படாத நாட்டில் கடலாடுவதா என்று உலகம் கேட்டது. பயணிகளிலேயே சிலர் கரையிறங்க மனமின்றிக் கப்பலிலேயே இருந்துவிட்டனர். அதே கப்பல்கள் உணவுப் பொருள்களையும் கொண்டுவந்தன என்பதும், பயணிகள் வராவிடில் அங்குள்ள கடைக்காரர் பட்டினி கிடப்பர் என்பதும் உண்மையே. ஆகவே பயணியை மட்டும் பழிப்பது எளிது, நியாயம் அன்று.

நம் பக்கத்திலும் வேலியின் கதை உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்த பின்னர், கரையோரம் மீண்டும் வீடு கட்டலாகாது என இலங்கை அரசு 2005-இல் எல்லை வகுத்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர். மீனவர் குடிசைக்கு இருந்த அத்தடை உல்லாச விடுதிகளுக்கு இல்லை என்ற மனக்குறை அங்கே பலமாக எழுந்தது. பின்னர் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் அதே ஆண்டு, 200 மீட்டருக்குள் இருந்தோர் உள்ளே தள்ளிப் போனால் புதுவீடு என்று அரசாணை வந்தது. பாதுகாப்பு வேண்டியதே. ஆனால், வலையிழுப்பவன் போன இடத்தில் சாய்வு நாற்காலி வருமானால், கடல் அலையினின்று காப்பாற்றப்பட்டது எது என்று கேட்கத் தோன்றுகிறது.

நிழலை வாடகைக்கு எடுக்கலாம். முதியோருக்கும் நோயுற்றோருக்கும் அது தேவையும்கூட. கரையை வாடகைக்கு எடுக்க முடியாது. எடுத்ததாக எண்ணும்படி கயிறு கட்டித் தருகிறார்கள். அக்கயிற்றை நாம் கட்டவில்லை என்பது மெய். அதற்குள் அமர்ந்திருந்தோம் என்பதும் மெய்.

ஊர் திரும்பிய சில மாதங்களில் நம் ஆலயத் திருவிழா வந்தது. ஆண்டுதோறும் பந்தலின் முன்வரிசை நாற்காலிகளைச் சுற்றிக் கயிறு கட்டி, நன்கொடையாளருக்கும் முக்கிய விருந்தினருக்கும் ஒதுக்குவது வழக்கம். ஆண்டுதோறும் அக்கயிற்றைக் கண்டும் இருக்கிறோம். பந்தல்காரர் வழக்கம்போல் கயிற்றுச் சுருளோடு வந்தார். வேண்டாம் என்றோம். முழங்கால் வலியுள்ளவரும் கைக்குழந்தை உள்ளவரும் முன்னே அமரட்டும் என்று அறிவித்தோம். சிலர் மனவருத்தம் கொண்டனர். ஒருவர் அடுத்த ஆண்டு நன்கொடையைக் குறைத்தும்விட்டார். அவர் வீட்டுக்குச் சென்று விளக்கினோம். முழுதும் ஏற்றார் என்று சொல்ல முடியாது.

அன்று மாலை முன்வரிசையில் அந்த மூதாட்டி அமர்ந்திருந்தார். அருகில், ஏரிக்கரையில் இளநீர் விற்பவரின் மனைவி கைக்குழந்தையோடு இருந்தார். மூதாட்டி நம்மைக் கண்டதும் வெறுங்கையால் முடிச்சு அவிழ்ப்பதுபோல் சைகை காட்டிச் சிரித்தார்.