பேரில்லாத பால்மா



போன கிழமை இன்டவல் நேரம், என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் உம்மா கைக்குழந்தையோடு வந்தார். "டீச்சர், இதுக்கு எத்தன கரண்டி போடணும்?" கையில் இருந்தது முடிச்சுப் போட்ட சொப்பிங் பேக். முழு டின் வாங்கக் காசில்லை. கடையில் குழந்தைப் பால்மாவைப் பிரித்து நிறுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பேரில்லை, திகதியில்லை, கரண்டியுமில்லை. பிள்ளைக்கு நாலு மாதம்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பால்மாவுக்குப் பால்மா கரண்டியின் அளவு வேறுபடும். தண்ணீர் கூடினால் போஷாக்குப் போதாது, தூள் கூடினால் சிறுநீரகத்துக்குப் பாரம்.

2008இல் சீனாவில் நடந்தது ஞாபகம் வந்தது. பாலில் தண்ணீர் கலந்து, அது தெரியாமலிருக்க மெலமைன் என்ற இரசாயனத்தைச் சேர்த்தார்கள். அன்றைய பரிசோதனை புரதத்தை நேரடியாக அளக்கவில்லை, நைதரசனைத்தான் அளந்தது. மெலமைனில் நைதரசன் அதிகம். அதனால் பால் 'பாஸ்' ஆனது. ஏறத்தாழ 3 இலட்சம் பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் மௌத்தானார்கள். அதற்குப் பிறகுதான், 2010இல், குழந்தைப் பால்மாத் தூளில் மெலமைன் கிலோவுக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று சர்வதேச உணவு நியம ஆணைக்குழு வரையறுத்தது.

நாளைக்கு ஒரு பால்மாவில் பிழை கண்டுபிடித்தால், டின்னில் அடித்திருக்கும் தொகுதி இலக்கத்தைச் சொல்லித்தான் திருப்பி எடுப்பார்கள். சொப்பிங் பேக்கில் வாங்கிய உம்மாவுக்கு அந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேரும்?

நானும் குற்றவாளிதான். மூத்தவருக்குப் பால்மாவை அழகான போத்தலில் கொட்டிவிட்டு டின்னை வீசியிருக்கிறேன். பால்மாத் தூள் கிருமி நீக்கப்பட்டதல்ல என்பதும், தண்ணீரைக் கொதிக்கவைத்து 70 பாகைக்குக் குறையாத சூட்டில் கரைத்து, ஆறவைத்துக் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் பிறகுதான் தெரிந்தது.

அந்த உம்மாவை மிட்வைஃப் மிஸ்ஸிடம் கூட்டிப்போனேன். தாய்ப்பாலைத் திரும்பக் கூட்ட முடியுமா என்று முதலில் பார்க்கிறார்.

கடைக்கார நானாமாரே, குழந்தைப் பால்மாவைப் பிரித்து விற்காதீர்கள். வசதியுள்ளவர்களே, பால்மா கட்டாயம் தேவை என்று டொக்டர் சொன்ன பிள்ளைக்கு முழு டின்னாக வாங்கிக் கொடுங்கள். உம்மாமாரே, டின் முடியும்வரை லேபலை வீசாதீர்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள், நான் வாசித்துச் சொல்கிறேன்.